பிஞ்சு மனமும் ஆறாத காயமும்

(யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கருத்தரங்கில் நம் பங்குத்தந்தை அவர்கள் ஆற்றிய உரை. கேட்டவர்கள் பலர் விரும்பியதால் இம்மலரில் இடம்பெறுகிறது.)



விழாக் குழுவினர் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘கிறிஸ்தவக் குடும்பத்தில் பிள்ளை வளர்ப்பு’ என்பது. நல்ல தலைப்புத்தான். ஆனால் அதில் வழக்கமாகப் பேசப்படுவதை ஆண்டுதோறும் கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைகளை ஞானோபதேச வகுப்புக்கு அனுப்புங்கள், இரவில் குடும்ப செபமாலை சொல்லுங்கள் என்று நான் சொல்ல, நீங்கள் தலையாட்ட, பிறகு எல்லாரும் பந்திக்குப் போக, அத்துடன் காரியம் முடிந்துவிடும். இன்று அந்தத் தலைப்பின் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்ள உங்கள் அனுமதியைக் கேட்கிறேன். பேச்சு வராத வயதிலும், பேச்சு வந்தும் சொல்ல முடியாத நிலையிலும் ஒரு பிள்ளையின் மனத்தில் விழுகின்ற காயம் என்ன ஆகிறது? அது எப்படி ஆறும்? இதுவே நான் பேச விரும்பும் பொருள்.

திங்கட்கிழமை விடியற்காலை முதல் பேருந்துக்காக நம் ஊரில் நிற்பவர்களைப் பாருங்கள். கட்டட வேலைக்குப் பெங்களூர் போகிறவர்கள், ஓசூர்க் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள், தளிப் பக்கம் ரோஜாத் தோட்டங்களுக்குப் போகிறவர்கள். மழை பெய்தால் கேழ்வரகு, பெய்யாவிட்டால் பெங்களூர். இதுதான் இந்த மலைப்பகுதியின் கணக்கு. போகிறவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. போகாவிட்டால் அடுப்பு எரியாது. ஆனால் போகும்போது நாம் செய்யும் ஒரு காரியத்தைப் பற்றிக் கொஞ்சம் யோசிப்போம். ‘பிள்ளை தூங்கும்போதே கிளம்பிவிடு, விழித்தால் அழும்’ என்று பாட்டி சொல்லுவார். தாயும் முந்தானையை மெல்ல உருவிக்கொண்டு இருட்டில் இறங்கிப் போவாள். பிள்ளை விழித்துப் பார்க்கும். தாய் இல்லை. முதல் வாரம் ஓயாமல் அழும். இரண்டாம் வாரம் மூலையில் உட்காரும். பிறகு ஒருநாள் எழுந்து விளையாடப் போகும். ‘பழகிவிட்டது’ என்று நாமும் நிம்மதி அடைவோம். மூன்று மாதம் கழித்துத் தாய் மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்து கையை நீட்டினால், அந்தப் பிள்ளை பாட்டியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ‘பார், என்னை மறந்துவிட்டது’ என்று தாய் சிரித்துக்கொண்டே சொல்லுவாள். அந்தச் சிரிப்பு உண்மையான சிரிப்பு அன்று என்பது உங்களுக்கும் தெரியும்.

இதே மாற்றத்தை, ஏறக்குறைய இதே வரிசையில், இங்கிலாந்தில் ஒருவர் கவனித்து எழுதியிருக்கிறார். அவர் பெயர் ஜேம்ஸ் ராபர்ட்சன். அக்காலத்து மருத்துவமனைகளில் சேர்க்கப்படும் குழந்தைகளைப் பெற்றோர் வந்து பார்ப்பதற்குக் கடும் கட்டுப்பாடுகள் இருந்தன. தாய் வந்துபோனால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது, ஆகவே வராமலிருப்பதே நல்லது என்பது அவர்கள் வாதம். ராபர்ட்சன் 1952-இல், அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் படம் பிடித்தார். அவள் அதிகம் அழவில்லை. முகத்தை இறுக்கிக்கொண்டு, தன் பொம்மையை அணைத்துக்கொண்டு இருக்கிறாள். நாள் ஆக ஆகத் தாயைக் கண்டும் முகம் மலராதவளாகிறாள். அந்தப் படத்தைப் பார்த்த மருத்துவர்கள் பலர் கோபித்துக்கொண்டார்கள். ஆனால் ராபர்ட்சன் விடவில்லை. அவர் பல பிள்ளைகளிடம் கண்ட நிலைகள் மூன்று: முதலில் எதிர்த்து அழுதல், அடுத்து நம்பிக்கை இழந்து சோர்தல், கடைசியில் ஒட்டுதல் அற்றுப் போதல். மருத்துவமனையார் ‘தேறிவிட்டாள்’ என்று எழுதிவைத்தது இந்த மூன்றாம் நிலையைத்தான். 1959-இல் அந்நாட்டு அரசு நியமித்த குழு, பெற்றோர் தாராளமாக வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ராபர்ட்சனோடு பணியாற்றிய ஜான் பௌல்பி என்ற மருத்துவர், உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951-இல் எழுதிய அறிக்கையில், சிறுவயதில் தாயன்பு தொடர்ந்து கிடைப்பது உடலுக்குச் சத்துணவு போல மனத்துக்கு இன்றியமையாதது என்று வற்புறுத்தினார். தாயோ, தாயின் இடத்தில் நிலையாக நிற்கும் ஒருவரோ இருந்தால் போதும் என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். ஆகவே இங்கிருக்கும் பாட்டிமார்கள் வருந்த வேண்டாம். இந்த மலையில் எத்தனையோ பிள்ளைகளின் மனம் உடையாமல் இருப்பது உங்கள் மடியால்தான்.

பிரிவு ஒரு வகைக் காயம். இன்னும் வகைகள் உண்டு. கேழ்வரகுக் கதிர் முற்றும் மாதங்களில் காவலுக்குப் போன தகப்பன் யானை மிதித்து இறந்துபோகிறான். பிள்ளையை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு அடக்கத்தை முடிக்கிறோம். ‘அப்பா எங்கே?’ என்று கேட்டால், ‘பெங்களூர் போயிருக்கிறார்’ என்கிறோம். குடித்துவிட்டு வரும் தகப்பனின் காலடி ஓசையைக் கேட்டதும் தூங்குவதுபோல நடிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். வெளியே சொல்ல வெட்கப்படும் விதமாகத் தொடப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டுத் தாலி கட்டப்பட்ட சிறுமிகள் இருக்கிறார்கள். 2025 மார்ச் மாதத்தில் நம் வட்டாரத்தில் ஒரு சிறுமியைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும் காட்சி நாடெங்கும் கைப்பேசிகளில் ஓடியது. அவள் அலறலைக் கேட்டவர்கள் லட்சம் பேர் இருப்பார்கள். கேட்டுவிட்டு அடுத்தவருக்கு அனுப்பினார்கள். அதற்குமேல் அந்த அலறலை என்ன செய்வது என்று நமக்குத் தெரியவில்லை. இன்றைய என் பேச்சு முழுவதும் அதைப் பற்றித்தான்: ஒரு பிள்ளையின் அழுகையை என்ன செய்வது?

நாம் சாதாரணமாகச் செய்வது அதை அடக்குவது. ‘அழாதே’, ‘ஆம்பளப் பிள்ளை அழலாமா?’, ‘பூச்சாண்டி வருவான்’. இது நம் ஊர் வழக்கம் மட்டும் அன்று. புனித அகுஸ்தினார் தம் வரலாற்றில் ஒன்றை எழுதியிருக்கிறார். 387-ஆம் ஆண்டில் தாய் மோனிக்கம்மாள் ஓஸ்தியா நகரில் உயிர்விட்டபோது, அகுஸ்தினாரின் மகன் அதேயோதாத்துஸ் வாய்விட்டு அழுதான். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் அவனை அதட்டி அடக்கிவிட்டார்கள். அகுஸ்தினாரும் தம் கண்ணீரை வலிந்து அடக்கினார். அடக்கத்துக்குப் போய் வந்தும் அழவில்லை. குளித்தால் துயரம் குறையும் என்று யாரோ சொல்லக் குளித்துப் பார்த்தார், குறையவில்லை. தூங்கி எழுந்தபின், தனிமையில், கடவுள் ஒருவர் மட்டும் கேட்க, அழுது தீர்த்தார். அப்போதுதான் இதயத்துக்கு இளைப்பாறுதல் கிடைத்தது. இவ்வளவு பெரிய மறைவல்லுநர் இதை எழுதி வைக்கத் தயங்கவில்லை. அதே நூலில், சிறுவனாகப் பள்ளியில் அடிபட்டதையும், அடி விழாதிருக்க இறைவனை வேண்டியதையும், அதைப் பார்த்துப் பெரியவர்களும் பெற்றோரும் சிரித்ததையும் நாற்பது வயது கடந்தபின் எழுதுகிறார். அடி மறந்திருக்கலாம். அந்தச் சிரிப்பு மறக்கவில்லை!

குருமடத்தில் புனித தோமா அக்குவீனாரைப் படித்தபோது, அவர் துயரத்துக்கு மருந்து என்ன என்று ஒரு கேள்வி எழுப்பிப் பதில் சொல்லியிருப்பதைக் கண்டு நாங்கள் வியந்தோம். கண்ணீர், நண்பரின் பரிவு, உறக்கம், குளியல் என்பனவும் அவர் பட்டியலில் இருக்கின்றன. துன்பத்தை உள்ளே பூட்டிவைத்தால் அது அதிகம் வருத்தும், வெளியே வந்தால் மனம் அதன்மேலேயே குவிந்துகிடக்காது என்று காரணமும் சொல்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டுத் துறவி சொன்னதை இருபதாம் நூற்றாண்டு மனோதத்துவ அறிஞர்கள் வேறு வழியாகச் சுற்றி வந்து கண்டார்கள்.

அடக்கப்பட்ட அழுகை எங்கே போகிறது? அமெரிக்காவில் உடல் பருமனுக்குச் சிகிச்சை அளித்து வந்த வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர், எடை குறைந்து நன்றாகத் தேறி வந்தவர்களே பாதியில் நின்றுவிடுவது ஏன் என்று விசாரிக்கப் போய், அவர்களில் பலர் குழந்தைப் பருவத்தில் கெடுதல் செய்யப்பட்டவர்கள் என்று அறிந்தார். பிறகு அவரும் ராபர்ட் அண்டா என்பவரும் ஆயிரக்கணக்கானவர்களிடம் கேட்டு எழுதி, 1998-இல் ஆய்வை வெளியிட்டார்கள். சிறுவயதுத் துன்ப வகைகள் கூடக் கூட, வளர்ந்தபின் குடி, புகை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவை மட்டுமல்ல, இதய நோய் முதலான உடல் நோய்களும் கூடுவதை அவர்கள் கண்டார்கள். இது விதி அன்று. கூடுதல் ஆபத்து, அவ்வளவே. நம் நாட்டிலும் 2007-இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளைக் கேட்டதில், பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகக் கூறினார்கள். இது ஆண் பிள்ளைகளையும் சேர்த்த கணக்கு.

இனி, காயம் ஆறும் விதத்துக்கு வருவோம். நம் மொழியில் ஒரு அழகான காரியம் இருக்கிறது. புண் ஆறுகிறது என்கிறோம். பால் ஆறுகிறது என்கிறோம். மனம் ஆறுகிறது என்கிறோம். மூன்றுக்கும் ஒரே சொல். பாலை எப்படி ஆற்றுகிறீர்கள்? ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு ஊற்றி, மறுபடி இதில் ஊற்றி, காற்றுப் பட ஆற்றுகிறீர்கள். மூடி வைத்த பால் சீக்கிரம் ஆறாது. ஒரே பாத்திரத்தை வைத்துக்கொண்டும் ஆற்ற முடியாது. இரண்டாவது பாத்திரம் ஒன்று வேண்டும். யாழ்ப்பாணத்துத் தமிழர்கள், ஆலோசகர் செய்யும் உளவியல் உதவிக்கு ‘ஆற்றுப்படுத்தல்’ என்று பெயர் வைத்திருப்பதைக் கேட்டபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

உணர்ச்சியை வழியாகக் கொண்ட மனச் சிகிச்சை என்று இன்று சொல்லப்படுவது இதுதான். சிகாகோ பல்கலைக்கழகத்தில் கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியலார், வருகிறவருக்கு அறிவுரை சொல்வதை நிறுத்திவிட்டு, தீர்ப்பிடாமல், பொய் வேடம் இல்லாமல், அவர் உள்ளத்தோடு ஒன்றிக் கேட்பதையே சிகிச்சையாக்கினார். அவரோடு பணியாற்றியவர் யூஜின் ஜென்ட்லின். வியன்னாவில் பிறந்து, சிறுவனாக நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா வந்தவர். சிகிச்சையில் சிலர் குணமடைகிறார்கள், சிலர் ஆண்டுக்கணக்கில் வந்தும் அப்படியே இருக்கிறார்களே, ஏன் என்று கண்டறிய, ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார் அவர். வேறுபாடு ஆரம்ப நாட்களிலேயே தெரிந்தது. குணமடையப் போகிறவர்கள் சரளமாகப் பேசவில்லை! நடுவில் நின்றார்கள். ‘அது கோபம்... இல்லை, கோபம் இல்லை... இங்கே நெஞ்சில் ஏதோ அடைத்ததுபோல...’ என்று தடுமாறினார்கள். உடலுக்குள் உணரப்படும் தெளிவற்ற ஒன்றைக் கவனித்து, அதற்குப் பொருந்தும் சொல் வரும்வரை காத்திருந்தார்கள். சரியான சொல் வந்ததும் ஒரு பெருமூச்சு, உடல் தளர்ந்தது. இதையே ஒரு பயிற்சியாக வகுத்து 1978-இல் நூலாக வெளியிட்டார்.

பேச்சு வருமுன் விழுந்த காயத்துக்கு இது ஏன் முக்கியம் என்று பாருங்கள். அந்த வயதில் நடந்தது கதையாக நினைவில் இருக்காது. வயிற்றில் ஒரு பிடிப்பாக, கதவு தட்டப்பட்டால் ஒரு திடுக்கிடலாக, யார் அன்பு காட்டினாலும் ஒரு சந்தேகமாக இருக்கும். அதோடு வாதாடிப் பயன் இல்லை. ‘உன் அம்மா உனக்காகத்தானே போனாள்’ என்பது நியாயமான வாதம். ஆனால் வயிற்றுப் பிடிப்புக்கு நியாயம் புரியாது. அந்த உணர்ச்சி மறுபடி வரும்போது, இந்த முறை பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து தனியாகச் சுமந்ததை முதல்முறையாக இருவராகச் சுமக்கும்போதுதான் அது மாறுகிறது. மூன்று மொழி பேசும் இந்த எல்லைப்புறத்தில் நான் கவனித்திருக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என்னோடு தமிழில் பேசிக்கொண்டிருக்கும் கன்னடக்காரர், துக்கம் தொண்டைக்கு வந்ததும் கன்னடத்துக்குப் போய்விடுகிறார். தடுக்காதீர்கள். அந்தக் காயம் அந்த மொழியில் விழுந்தது.

கனடாவில் லெஸ்லி கிரீன்பெர்க் முதலானோர் வளர்த்த முறையில் ஒரு வெறும் நாற்காலியை எதிரே போடுகிறார்கள். தன்னைக் காயப்படுத்திய தகப்பனோ தாயோ அதில் இருப்பதாக எண்ணி, சொல்லாமல் விட்டதை எல்லாம் சொல்லச் செய்கிறார்கள். முதலில் குற்றச்சாட்டு வரும். பிறகு நேர்மையான கோபம் வரும்: ‘நான் சின்னப் பிள்ளை, நீங்கள் அப்படிச் செய்திருக்கக் கூடாது.’ அதன் அடியில் கிடைக்காத அன்புக்கான அழுகை வரும். சான்ட்ரா பைவியோ என்பவரோடு அவர் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த விதமாகச் சிகிச்சை பெற்றவர்கள், இத்துன்பங்களைப் பற்றி விளக்கம் மட்டும் கேட்டவர்களைவிட நன்கு தேறியிருந்தார்கள்.

இதைச் சொன்னவுடன் ஒரு எச்சரிக்கை. அழுகை மருந்து என்றால் நிறைய அழவைப்போம் என்று கிளம்பியவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஆர்தர் ஜானவ் என்பவர் 1970-இல், பிறவிக்காலத்து வலியை அலறித் தீர்த்தால் எல்லா நோயும் போகும் என்று நூல் எழுதினார். ஜான் லெனன் என்ற பாடகர் போய்ச் சேர்ந்ததால் பெரும் புகழ் வந்தது. அவ்வளவு பெரிய வாக்குறுதிக்கு ஏற்ற சான்று வரவில்லை. நம் ஊரிலும் சில செபக் கூட்டங்களில், ஒலிபெருக்கி அதிர, ‘குழந்தைப் பருவத்துக்குப் போங்கள், அழுங்கள்’ என்று கட்டளையிடுகிறார்கள். மூடியிருந்த புண்ணைக் கூட்டத்தில் கிழித்துவிட்டு, கூட்டம் முடிந்ததும் பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விட்டால், அன்று இரவு அந்தப் பெண்ணின் பக்கத்தில் யார் இருப்பார்? நான் அதை ஆதரிக்க மாட்டேன். மனம் தாங்கும் அளவுக்கு, மெல்ல மெல்ல, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தத் தெரிந்தவரின் துணையோடு நடக்க வேண்டிய காரியம் இது.

இதெல்லாம் வெள்ளைக்காரர் கதை என்று பின்வரிசையில் ஒருவர் நினைப்பது எனக்குக் கேட்கிறது. ஆகவே தமிழ்ப் பிள்ளைகளிடம் போவோம்.

ஈழத்தில் போர் நடந்த ஆண்டுகளில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1993-இல் ‘மனவடு’ என்ற நூலைத் தமிழில் எழுதினார். குண்டு விழும் ஊரில் மருத்துவர்கள் சிலரே. ஆகவே ஆசிரியர், சமூகத் தொண்டர் போன்றவர்களுக்கே மனக்காயத்தை அறிந்து ஆற்றும் முறையைக் கற்றுக் கொடுக்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் ‘சாந்திகம்’ என்ற நிறுவனமும் ஆற்றுப்படுத்துநர்களைப் பயிற்றுவித்தது.

மட்டக்களப்பில் நடந்ததை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். 1990 ஆகஸ்டு மாதத்தில் அந்த மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் 15-ஆம் நாள், தேவமாதா மோட்சாரோபணத் திருநாளன்று, அங்கே நெடுங்காலம் பணியாற்றிய அமெரிக்க இயேசு சபைக் குரு யூஜின் ஹீபர்ட் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போனார். உடன் சென்ற தமிழ் இளைஞரும் திரும்பவில்லை. தகப்பன் வெட்டப்படுவதைப் பார்த்த பிள்ளைகள் இரு சமூகத்திலும் இருந்தார்கள். ‘அவர்கள்தான் செய்தார்கள்’ என்று ஒருவரை ஒருவர் அஞ்சி வளர்ந்தார்கள்.

அங்கே 1996-இல், உளவியலும் ஆற்றுப்படுத்தலும் அறிந்த இயேசு சபைக் குரு பால் சற்குணநாயகம் அவர்களும், பால் ஹோகன் என்ற கனடா நாட்டு ஓவியரும் சேர்ந்து ஒரு தோட்டத்தைத் தொடங்கினார்கள். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் போர்ப்பகுதிப் பிள்ளைகளைப் பற்றிச் செய்த ஆய்வு இதற்குத் தூண்டுதல். வண்ணத்துப்பூச்சியின் பெயரைத் தோட்டத்துக்கு வைத்தார்கள். வாரத்தில் ஒரு நாள் வண்ணம் தீட்டிய பேருந்து தமிழ்க் கிராமத்துக்கும் முஸ்லிம் கிராமத்துக்கும் போய்ப் பிள்ளைகளை ஏற்றிவரும். மரமும் மண்ணும் வளர்ப்புப் பிராணிகளும் உள்ள இடம். களிமண் பிசைந்தார்கள், வண்ணம் தீட்டினார்கள், முகமூடி செய்தார்கள், கதை கட்டினார்கள், நாடகம் ஆடினார்கள். ‘உனக்கு என்ன நடந்தது, சொல்’ என்று எவரும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அவ்வூர் இளைஞர்களே. போரில் தாங்களும் அடிபட்டவர்கள். பிள்ளை களிமண்ணில் ஒரு வீடு செய்து அதை நசுக்கினால், நசுக்கட்டும் என்று இருப்பார்கள். மறுவாரம் அதே வீட்டைச் செய்யும். மாதக்கணக்கில் இப்படி நடக்கும். எந்த வாரத்தில் அந்த வீடு நசுக்கப்படாமல் நிற்கும் என்பதை எவரும் கட்டளையிட முடியாது. அதற்குத்தான் பொறுமை வேண்டும்.

இது மருத்துவமனைச் சிகிச்சை ஆகுமா என்றால், முழுமையாக ஆகாது. கடும் நோய் கண்ட பிள்ளைகளை மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும். ஆனால் பேச்சு வராத காயத்துக்குக் கையும் காலும் வண்ணமும் வாயாக அமையலாம் என்பதை, நம் மொழி பேசும் பிள்ளைகளிடமே அவர்கள் கண்டார்கள். அந்தத் தோட்டத்தில் மருந்தைவிட முக்கியமாக இருந்தவர்கள் அவசரப்படாத பெரியவர்கள்.

நம்மிடமும் மருந்து இருந்தது. ஒப்பாரி! துக்க வீட்டில் பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தாங்கள் பிறந்ததிலிருந்து பட்டதை எல்லாம் இராகத்தோடு சொல்லி அழுவார்கள். செத்தவருக்காக மட்டுமா அழுவார்கள்? தங்கள் பழைய துக்கம் அத்தனைக்கும் சேர்த்து அழுவார்கள். நாகரிகம் வந்துவிட்டது என்றும், உயிர்ப்பில் நம்பிக்கை உள்ளவர்கள் அப்படி அழக்கூடாது என்றும் சொல்லி நம்மில் சிலர் அதை நிறுத்தினார்கள். இலாசரின் கல்லறையில் ஆண்டவரே அழுதாரே! சில நிமிடங்களில் எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் அழுதாரே! உயிர்ப்பை நம்புவதற்கும் அழுவதற்கும் பகை இல்லை. ஆனால் ஒப்பாரியிலும் ஒரு குறை உண்டு. ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதில் இடம் இல்லை. ஆண்கள் வெளியே நாற்காலியில் அமர்ந்திருப்பார்கள். பிறகு எங்கே போவார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது என் பணியோடு சம்பந்தப்பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். மன்னிப்பு. ‘அப்பாவை மன்னித்துவிடு, பழையதை மறந்துவிடு’ என்பது நம் வாயில் எளிதாக வரும். மன்னிப்பு ஆண்டவரின் கட்டளை. அதை நான் குறைக்க மாட்டேன். ஆனால் தனக்குச் செய்யப்பட்டது அநியாயம் என்று ஒருமுறைகூட உணர்ந்து கோபப்பட அனுமதிக்கப்படாத பிள்ளை எதை மன்னிக்கும்? சீழை உள்ளே வைத்துத் தைத்தால் தையல் பார்க்க அழகாக இருக்கும். புண் உள்ளே புரையோடும். திருப்பாடல்களைத் திறந்து பாருங்கள். இறைவன் முன்னிலையில் முறையிடுகிற, கோபிக்கிற, ஏன் கைவிட்டீர் என்று கேட்கிற பாடல்கள் எத்தனை! அவற்றை எடுத்துவிட்டுத் திருச்சபை செபப் புத்தகம் தயாரிக்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தைப் பற்றியும் ஒரு சொல். அது பாவத்துக்கு மருந்து. கெடுதல் செய்யப்பட்ட பிள்ளையிடம் பாவம் இல்லை. சிறுவயதில் தமக்குச் செய்யப்பட்டதை ஐம்பது வயதிலும் பாவம் என்று எண்ணி அறிக்கையிட வருகிறவர்களுக்கு, ‘இது உன் பாவம் அன்று’ என்று சொல்வதுதான் குருவின் முதல் கடமை.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2012-இல் வந்த போக்சோ சட்டப்படி, பிள்ளைக்குப் பாலியல் கெடுதல் நடந்தது தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். செய்தவர் உறவினர், ஆசிரியர், விடுதிக் காப்பாளர், குரு என்ற வேறுபாடு அதில் இல்லை. திருச்சபைக்குள்ளும் இத்தகைய முறையீட்டை மேலிடத்துக்குத் தெரிவிப்பதைக் குருக்களுக்கும் துறவியருக்கும் கடமையாக்கித் திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் ஆணை பிறப்பித்தார். கோவில் வளாகத்தின் பெயர் கெடும் என்று எவரும் என்னிடம் வந்து மெதுவாகச் சொல்ல வேண்டாம். காயம் தொடர்ந்து விழுந்துகொண்டிருக்கும் பிள்ளையை ஆற்ற முடியாது. முதலில் அடி நிற்க வேண்டும்.

எங்கே போவது என்று கேட்பீர்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ், நம் மக்கள் வேலைக்குப் போகும் அதே ஓசூர்ச் சாலையில்தான் இருக்கிறது. 1974-இல் மத்திய அரசு அமைத்தது. 2004 சுனாமிக்குப் பின், நாகப்பட்டினக் கடற்கரையில் உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுக்க அங்கிருந்துதான் குழுவினர் வந்தார்கள். பிள்ளைகளுக்கென்று தனிப் பிரிவு அங்கே உண்டு. அது பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்ற பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். போக முடியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். 2022-இல் தொடங்கிய அரசு மனநலத் தொலைபேசி, பணம் வேண்டாம், தமிழிலும் கன்னடத்திலும் பேசுவார்கள். ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்கு 1098.

வீட்டில் செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. தூங்கும்போது ஓடாதீர்கள். எழுப்பி, எங்கே போகிறேன், எந்தச் சனிக்கிழமை வருவேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். அழும், அழட்டும். சொன்ன சனிக்கிழமை வந்துவிடுங்கள், முடியாவிட்டால் போனில் சொல்லுங்கள். உங்கள் பழைய சேலை ஒன்றைப் பாட்டியிடம் விட்டுப் போங்கள். வாசனை பிள்ளைக்குத் தெரியும். திரும்பி வரும்போது பிள்ளை ஒளிந்துகொண்டால் இழுக்காமல் அருகில் உட்காருங்கள். சாவு வீட்டுக்குப் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். அப்பா இறந்துவிட்டார் என்ற சொல்லையே சொல்லுங்கள்.

பங்கின் சார்பில் ஒன்று. வரும் மாதத்திலிருந்து சனிக்கிழமை பிற்பகல்களில் கோவிலுக்குப் பின்னால் உள்ள புளியமரத்தடியைப் பிள்ளைகளுக்காக ஒதுக்குகிறோம். எந்த மதத்துப் பிள்ளையும் வரலாம். மறைக்கல்வி அன்று நடக்காது. களிமண்ணும் வண்ணமும் இருக்கும். உளவியல் பயின்ற அருட்சகோதரி ஒருவர் மாதம் ஒருமுறை ஓசூரிலிருந்து வர இசைந்திருக்கிறார். எப்போதும் இரண்டு பெரியவர்கள் சேர்ந்தே, எல்லார் பார்வையிலும் இருப்பார்கள். அதற்கு ஆட்கள் வேண்டும். பாடம் நடத்த ஆசைப்படுகிறவர்கள் வேண்டாம். பிள்ளை அழும்போது ‘அழாதே’ என்று சொல்லாமல் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார முடிகிறவர்கள், பாட்டிமார்களாக இருந்தாலும் சரி, அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் உபதேசியாரிடம் பெயர் கொடுங்கள். ஏரியிலிருந்து களிமண் கொண்டுவர ஒரு டிராக்டரும் வேண்டும்.